தையல் போடுவதற்கு முன்னால் விரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

கண்ணாடியோ கத்தியோ தகரமோ, கையில் எது ஆழமாக வெட்டினாலும், தையல் போடுவதற்கு முன்னால், அதிலும் மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னால், ஐந்து விரல் நுனியையும் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்டுவிட்டால் விரல் எப்படியும் மரத்துத்தான் கிடக்கும், நரம்பு அறுந்ததால் மரத்ததா மருந்தால் மரத்ததா என்று அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அதற்கு ஒரு வருஷத்துச் சம்பாத்தியமும் அடகுக் கடையில் ஒரு சங்கிலியும் போனது, இன்னமும் பழைய மாதிரி விரியாத விரல்கள்தான் மிச்சம். இதைப் படிக்கிற ஒரு ஆளுக்காவது அந்த ஒரு கேள்வி சரியான நேரத்தில் ஞாபகம் வரட்டும் என்றுதான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், கூடவே ஆரி வேலையும் எடுப்பேன். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார், இங்கே நானும் ஏழாவது படிக்கிற பையனும்தான். ஐப்பசி மழையில் ஜன்னல் மரம் உப்பிப்போய்க் கதவு இறுகிவிட்டது. சாரல் அடித்துத் துணியெல்லாம் நனைகிறதே என்று உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினேன். கை சட்டத்தில் படாமல் கண்ணாடியில் பட்டு, உடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தபோதுதான் வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம், ஆழமாகக் கிழித்தது. ரத்தம் வழியவில்லை, விட்டு விட்டுப் பீய்ச்சியது. பக்கத்து வீட்டு அக்கா தாவணித் துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஆட்டோவில் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிற ரத்தக்குழாயும் அல்நார் என்கிற நரம்பும் ஒட்டினாற்போலத்தான் போகின்றன. அந்தப் பக்கம் ரத்தம் பீய்ச்சி அடித்தது என்றால் பக்கத்திலிருக்கிற நரம்பும் வெட்டுப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அன்றைக்கு எல்லாருடைய கவனமும் ரத்தத்தை நிறுத்துவதில்தான் இருந்தது. ரத்தக்குழாயைக் கட்டினார்கள், தோலைத் தைத்தார்கள், டிடி ஊசி போட்டார்கள், ஒரு ராத்திரி வைத்திருந்து காலையில் அனுப்பிவிட்டார்கள். பில் 9,500 ரூபாய். "ரத்தம் நின்னுடுச்சும்மா, பயப்பட ஒன்னுமில்ல, பத்து நாள்ல தையல் பிரிச்சிடலாம்" என்றார் டூட்டி டாக்டர். கும்பிட்டுவிட்டு வந்தேன். உயிர் பிழைத்தோம் என்ற நிம்மதி அப்போது பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்தே சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் என்னுடையவை இல்லை என்பதுபோல இருந்தன. மோதிரவிரலில் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் உணர்ச்சி, ஒரு பக்கம் மரக்கட்டை. கட்டு இறுக்கம் என்றார்கள். தையல் பிரிக்கப் போனபோது மறுபடி சொன்னேன், "வீக்கம் வடிஞ்சா சரியாயிடும், நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதறேன்" என்று மெத்தில்கோபாலமின் எழுதிக் கொடுத்தார்கள். அதை வேளை தவறாமல் விழுங்கினேன். அந்த மாத்திரை உடம்பில் பி12 குறைந்தவர்களுக்கு நல்லதுதான், ஆனால் இரண்டாக அறுந்து கிடக்கிற நரம்பை எந்த மாத்திரையும் ஒட்ட வைக்காது. இதை ஒரு வரியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

கை வேலைக்குத் திரும்பியபோதுதான் விபரீதம் புரிய ஆரம்பித்தது. கத்தரிக்கோலைப் பிடித்தால் கட்டைவிரல் முட்டி தானாக மடங்குகிறது, துணி நழுவுகிறது. சாவியைத் திருப்பப் பலம் இல்லை. விரல்களை விரி என்றால் விரியவில்லை. சுண்டுவிரல் மட்டும் வெளியே விலகி நின்று முந்தானையில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த இரண்டு விரலும் உள்ளே வளைந்துகொண்டு வந்தன. ஒரு நாள் பிளவுஸுக்கு இஸ்திரி போடும்போது ஏதோ தீய்கிற வாடை வந்தது, துணிதான் பொசுங்குகிறதோ என்று பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் துணி நன்றாக இருந்தது. சுண்டுவிரலின் ஓரத்தில் தோல் வெள்ளையாக உரிந்து சுருண்டிருந்தது. துளி வலி இல்லை. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றபோது வந்த பயம் கண்ணாடி வெட்டியபோதுகூட வரவில்லை.

உணர்ச்சி இல்லாத விரல் இருப்பவர்களுக்கு முதல் வேலை, அதைக் காப்பாற்றுவதுதான். தோசைக்கல், குக்கர், டீ டம்ளர், இஸ்திரிப்பெட்டி எதைத் தொடுவதானாலும் மற்ற கையால்தான் முதலில் தொட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் விளக்கடியில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், வெட்டோ கொப்புளமோ இருந்தால் கண்ணுக்குத்தான் தெரியும், வலி சொல்லாது. தோல் வறண்டு வெடிக்கும், ஏனென்றால் நரம்பு இல்லாத இடத்தில் வியர்வையும் சுரக்காது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

வளைந்த விரல்களைப் பார்த்துத் தெருவில் ஒரு அம்மா என் மாமியாரிடம், "அது அந்த வியாதியில்லையே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். எது என்று உங்களுக்குப் புரியும். இரண்டு வாடிக்கையாளர்கள் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கோபத்தைவிட அவமானமாக இருந்தது, அப்படி அவமானப்பட்டதற்காக இப்போது வருத்தப்படுகிறேன், ஏனென்றால் தொழுநோய் வந்தவர்களும் என்னைப் போல நரம்பு போனவர்கள்தான். அந்த நோயிலும் இதே அல்நார் நரம்புதான் அதிகம் பாதிக்கப்படுகிறது, அதனால்தான் கை அப்படியே ஒரே மாதிரி வளைகிறது. நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து, அப்படி வளைந்த கைகளுக்கு, தசையை எலும்போடு இணைக்கிற நாராகிய தசைநாண்களில் நல்லதை இடம் மாற்றித் தைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். அவர் காலத்தில் அந்தக் கைகளைத் தொடவே பலர் பயந்தார்கள். இன்றைக்கும் என் மாதிரி ஆட்களுக்குக் கடைசி வழியாக டாக்டர்கள் சொல்வது அந்த வகை அறுவை சிகிச்சைதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடுவில் சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு எண்ணெய்க் கட்டு, தடவல் என்று ஒரு 6,000 போனது. அப்புறம் ஒரு பிசியோதெரபி சென்டரில் ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்று கரண்ட் வைத்தார்கள். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண்தான் என் கையை முதன்முதலாக முழுசாகப் பார்த்தவள். ஒரு காகிதத்தைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடியுங்கள் என்று சொல்லி மறுமுனையைத் தான் இழுத்தாள். என் கட்டைவிரல் நுனி கொக்கி போல மடங்கியது, காகிதம் வந்துவிட்டது. இடது கையில் விரல் நேராகவே இருந்தது, காகிதம் வரவில்லை. அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, இதுக்குக் கரண்ட் வெச்சுப் பிரயோஜனம் இல்ல, நரம்பே அறுந்திருக்குன்னு நினைக்கிறேன். உடனே பிளாஸ்டிக் சர்ஜனப் பாருங்க, நாள் கடத்தாதீங்க" என்றாள். தன் சென்டருக்கு வருகிற காசை விட்டுவிட்டுச் சொன்ன அந்தப் பெண்ணை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் முகத்தை அழகாக்குகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கை நரம்பு, தசைநாண், துண்டான விரல் எல்லாம் அவர்கள் வேலைதான், அதிலும் கைக்கென்றே தனியாகப் படித்த கை அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறை நாடு முழுக்கத் தெரிந்த ஒன்று. இந்த விவரம் தெரியாமல் எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், பொது டாக்டர் என்று சுற்றுகிற ஆட்களைக் காத்திருப்பு பெஞ்சில் நிறையப் பார்த்தேன்.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினேன். நரம்பில் கரண்ட் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிற என்சிஎஸ் டெஸ்ட் எடுத்தார்கள், 2,800 ரூபாய். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் பதிவாகவில்லை. இந்த டெஸ்ட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அடிபட்ட முதல் சில நாட்களில் எடுத்தால் அறுந்த நரம்பின் கீழ்த்துண்டுகூட உயிரோடு இருப்பது போலக் காட்டி ஏமாற்றும், அந்தத் துண்டு பட்டுப்போக நாளாகும். மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் நம்பலாம். ஆனால் என் மாதிரி வெட்டுக்காயத்தில் இதற்காகக் காத்திருக்கவே தேவையில்லை. கண்ணாடியோ கத்தியோ வெட்டி, அதற்குக் கீழே மரத்துப்போயிருக்கிறது என்றால் நரம்பு அறுந்ததாகவே எடுத்துக்கொண்டு திறந்து பார்ப்பதுதான் முறை, அதுவும் முதல் சில நாட்களுக்குள். பைக்கில் விழுந்து தோள் நரம்பு இழுபடுவது, எலும்பு முறிந்து நரம்பு நசுங்குவது மாதிரி தோல் கிழியாத காயங்களில்தான், தானாகத் தேறுகிறதா என்று மூன்று மாதம் போலப் பார்ப்பார்கள். அந்த மூன்று மாதத்தையும் சும்மா இருந்து கழிக்காமல், ஆரம்பத்திலேயே சர்ஜனிடம் காட்டிவிட்டு அவர் கண்பார்வையில் காத்திருக்க வேண்டும். இரண்டு வகைக் காயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "நரம்பு தானா வளரும், பொறுங்க" என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதால்தான் இத்தனை கை போகிறது.

அந்த ஆஸ்பத்திரியில் சொன்ன எஸ்டிமேட் ஒரு லட்சத்து எண்பதாயிரம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் போனில், "கடன் வாங்கலாம், நீ மொதல்ல ஆபரேஷனப் பண்ணு" என்கிறார், அவர் அங்கே படுகிற பாடு எனக்குத் தெரியும். அப்புறம்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஞாபகம் வந்தது. நல்லவேளை, விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் எப்போதோ பதிந்து வைத்திருந்தேன். அட்டை இல்லாதவர்கள் இன்றைக்கே விசாரியுங்கள், அடிபட்ட பிறகு அலைவது கொடுமை. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் வருகிறது. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியும் அதில் இல்லை, எல்லா ஆபரேஷனும் பட்டியலில் இல்லை, முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும், அதனால் அட்மிஷன் போடுவதற்கு முன்னால் அங்கிருக்கிற காப்பீட்டு மேசையில் உங்கள் ஆபரேஷன் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நான் கடைசியில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் செய்துகொண்டேன். வரிசை நீளம், ஓ.பி.யில் நிற்க வேண்டும், தூங்க இடம் கிடையாது, எல்லாம் உண்மை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விளக்கிச் சொன்ன டாக்டர் அங்கேதான் கிடைத்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நரம்பு அறுந்தால் இரண்டு முனையும் கொஞ்சம் விலகிக்கொள்ளும். முதல் சில நாட்களில் திறந்தால் முனையோடு முனை வைத்து நேராகத் தைத்துவிடலாம். நாளாக ஆக முனைகள் சுருங்கித் தழும்பில் ஒட்டிக்கொள்ளும், மேல்முனை வழி தெரியாமல் வளர்ந்து ஒரு முடிச்சாகத் திரண்டுவிடும். அந்த முடிச்சைச் சீவி, உள்ளே நல்ல நரம்பிழைகள் தெரிகிறவரை வெட்ட வேண்டும், வெட்டினால் இடைவெளி இன்னும் கூடும். இழுத்துப் பிடித்துத் தைக்கலாமே என்றேன். "நீங்க டெய்லர்தானேம்மா, துணி பத்தாம இழுத்துத் தெச்சா தையல் என்னாகும்?" என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இழுவிசையோடு தைத்த நரம்பு தழும்பாகத்தான் ஆறும், உள்ளே இழை வளராது. அதனால் காலில் கெண்டைக்காலுக்குப் பின்னால் ஓடுகிற சூரல் என்ற நரம்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாலம் போட வேண்டும் என்றார். செயற்கைக் குழாய் வைத்து இணைப்பதும் உண்டாம், இடைவெளி ரொம்பச் சின்னதாக இருந்தால் சரிவரும், விலையும் அதிகம், என் கைக்கு என் சொந்த நரம்புதான் நல்லது என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் நடந்தபோது காயம்பட்டு இரண்டரை மாதம் போல ஆகியிருந்தது. மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் செய்கிறார்கள், முடியைவிட மெல்லிய நைலான் நூலில். அந்த நூலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, வார்டு ரவுண்ட்ஸில் கேட்டேவிட்டேன், சிரித்துக்கொண்டே மறுநாள் உறையில் மிச்சமிருந்ததை ஒரு நர்ஸம்மா கொண்டுவந்து காட்டினார். வெள்ளைத் துணிமேல் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஊசி ஒரு கண்ணிமை முடித்துணுக்கு போல வளைந்திருந்தது. இத்தனை வருஷம் ஊசி நூலோடு வாழ்ந்தவள் நான், அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

மூன்று வாரம் மணிக்கட்டை அசையாமல் மாவுக்கட்டில் வைத்திருந்தார்கள். கையைவிடக் கால்தான் முதலில் தொந்தரவு செய்தது. நரம்பு எடுத்த பிறகு பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துவிடும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வரி சொன்னார்கள், அன்றைய பதற்றத்தில் மண்டையில் ஏறவில்லை. நடப்பதற்கு ஒன்றும் ஆகாது, மரத்த இடமும் போகப் போகச் சுருங்கும், ஆனால் காலில் தழும்பு வரும், சில மாதம் செருப்பு உரசினால் கூசும். எங்கிருந்து நரம்பு எடுப்பீர்கள், அங்கே என்ன ஆகும் என்று நீங்களே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிற பெண்களுக்கு இன்னொன்று, ஒரு கை மாவுக்கட்டோடும் ஒரு கால் நொண்டியுமாக முதல் சில வாரம் உங்களால் தலைகூடப் பின்ன முடியாது. பையன்தான் எனக்குச் சோறு வடித்தான். முன்கூட்டியே யாரையாவது வந்து இருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கட்டுப் பிரித்த அன்று விரல் அசையும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. இதுதான் இந்த ஆபரேஷனில் மனசை உடைக்கிற கட்டம், யாராவது முன்னாலேயே சொல்லி வைத்தால் நல்லது. நரம்பைத் தைப்பது என்பது வழியைச் சரி செய்வது மட்டும்தான், அந்த வழியில் இழை மறுபடி முளைத்து நடந்து போக வேண்டும், அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் போகும். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தையல் தாண்டக் கொஞ்சம் தாமதம் வேறு. இன்னொரு பக்கம் தசைக்கும் கெடு இருக்கிறது, நரம்பு வந்து சேராமல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகிவிட்டால் தசை நாராகி, அப்புறம் நரம்பு வந்தாலும் எழுந்திருக்காது. மணிக்கட்டில் அடிபட்டவர்களுக்கு உள்ளங்கைவரைதான் தூரம், தோளில் அடிபட்டவர்களுக்குக் கைவிரல்வரை போக வேண்டும், அதனால்தான் அவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆபரேஷனை முடித்தாக வேண்டும் என்கிறார்கள்.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் தழும்பிலிருந்து உள்ளங்கை நோக்கி விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே வருவார். ஒரு இடத்தில் சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று ஷாக் அடிக்கும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைப்பார், நரம்பு அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் வீட்டில் டெய்லரிங் டேப்பை வைத்து மாதா மாதம் அளந்து நோட்டில் எழுதினேன். வேறு எதுவுமே மாறாத அந்த மாதங்களில் அந்தப் புள்ளி நகர்ந்தது ஒன்றுதான் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்தது. ராத்திரியில் எரிச்சலும் ஷாக்கும் வரும், தூங்க முடியாது. பிரிகாபாலின் என்கிற நரம்பு வலி மாத்திரை கொடுத்தார்கள், காலையில் தலை பாரமாக இருக்கும், மிஷினில் உட்காரவே பயம், டாக்டரிடம் சொல்லி ராத்திரிக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டேன். வலி வந்தால் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் தாங்கிக்கொண்டும் இருக்காதீர்கள். மார்கழிக் குளிரில் விரல் நீலம் பாய்ந்து குத்தியது, குளிர் தாங்காமை வருஷக்கணக்கில் இருக்கலாமாம், பழைய சாக்ஸை வெட்டி உறையாகப் போட்டுக்கொள்கிறேன்.

நரம்பு வருகிறவரை கையைத் தயாராக வைத்திருப்பது நம் வேலை. வளைந்த விரல் மூட்டு அப்படியே இறுகிவிட்டால் அப்புறம் நரம்பு வந்தும் பயனில்லை, அதனால் மற்ற கையால் ஒவ்வொரு மூட்டையும் முழுசாக நீட்டி மடக்க வேண்டும், தினமும், பல தடவை. விரல் முட்டியைக் கீழே அழுத்திப் பிடிக்கிற ஒரு சின்ன ஸ்பிளிண்ட் தருவார்கள், எனக்கு 900 ரூபாய் ஆனது, அதைப் போட்டால் விரல் வளையாமல் வேலை செய்ய வரும். உணர்ச்சி திரும்ப ஆரம்பித்ததும் இன்னொரு பயிற்சி. தொட்டால் மூளைக்கு என்னவென்றே புரியாது, பட்டும் சாக்கும் ஒரே மாதிரி மதமதவென்று இருக்கும். பயிற்சிக்கு என்னென்னவோ வாங்கச் சொன்னார்கள், என் வீட்டில் இல்லாத துணியா? வெல்வெட், சணல், காட்டன், பட்டு, ஜரிகைக் கரை என்று ஓரத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கண்ணால் பார்த்துக்கொண்டே தடவுவது, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இது எது என்று சொல்வது, தப்பென்றால் திறந்து பார்த்து மறுபடி தடவுவது. பையன் எடுத்துக் கொடுப்பான். ஜரிகைதான் முதலில் பிடிபட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி, மாத்திரை, எண்ணெய்க் கட்டு, கரண்ட், டெஸ்ட் என்று 28,000 போனது. ஆபரேஷனுக்குப் பணம் கட்டவில்லை, ஆனால் பஸ், சாப்பாடு, வெளியே எழுதிய மருந்து, ஸ்பிளிண்ட் என்று 14,000 ஆனது. பெரிய அடி வருமானத்தில்தான். மாதம் பதினைந்தாயிரம் வந்துகொண்டிருந்தது, முகூர்த்த மாதங்களில் இன்னும் கூட, அது பத்து மாதத்துக்கு மேல் கிட்டத்தட்ட நின்றே போனது. முதல் நாளே நரம்பைக் கவனித்துத் தைத்திருந்தாலும் சில மாதம் போயிருக்கும்தான், ஆனால் காலில் கை வைக்காமல், இந்த அளவு இழுக்காமல் முடிந்திருக்கும். அடிபட்ட நாளிலிருந்து எல்லாச் சீட்டையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், முதல் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். என் முதல் சீட்டில் உணர்ச்சி, அசைவு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

வெட்டுக்காயத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்களைச் சொல்கிறேன். சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் தெரியவில்லை, விரல்களை விசிறி போல விரிக்க முடியவில்லை என்றால் அடிபட்டது அல்நார் நரம்பு. ஆள்காட்டி விரல் நுனி மரத்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் கட்டைவிரலைக் கூரை நோக்கித் தூக்க முடியவில்லை என்றால் மீடியன் என்கிற நரம்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் மரத்து, மணிக்கட்டு தொங்கிவிட்டது என்றால் ரேடியல் என்கிற நரம்பு, இது மேல்கை எலும்பு முறிந்தவர்களுக்கு நிறைய வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும், அன்றே முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள் கை சர்ஜனைப் பார்த்தாக வேண்டும். விரலை மடக்கவே முடியவில்லை என்றால் தசைநாணும் அறுந்திருக்கலாம், அதுவும் அவசரம்தான். சுகர் இருப்பவர்கள் கட்டுப்பாட்டில் வையுங்கள், சிகரெட் பிடிப்பவர்கள் விட்டுவிடுங்கள், இரண்டும் நரம்பு வளர்வதைக் கெடுக்கும்.

ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிவிட்டதே, இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். தசைக்குத்தான் கெடு, உணர்ச்சி அதற்கப்புறமும் ஓரளவு திரும்பலாம், சூடு தெரிகிற அளவுக்கு வந்தாலே விரல் பிழைத்துக்கொள்ளும். தசை திரும்பவே இல்லையென்றாலும், நல்ல நிலையில் இருக்கிற இன்னொரு தசைநாணை இடம் மாற்றி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, அதற்குக் கால வரம்பு கிடையாது, மூட்டு இறுகாமல் இருந்தால் போதும்.

எனக்கு இப்போது சுண்டுவிரலில் சூடு, குளிர் தெரிகிறது. வளைவு பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. மிஷின் வேலை முழுசாகச் செய்கிறேன், ஆரியில் சின்ன ஆர்டர் மட்டும் எடுக்கிறேன், கத்தரிக்கோல் பிடிப்புதான் இன்னும் வரவில்லை, கட்டைவிரல் மடங்கத்தான் செய்கிறது. அந்தப் பிடிப்புக்காகத் தசைநாண் மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தை முகூர்த்த ஆர்டர்களை முடித்துக் கொடுத்துவிட்டு, பையனின் பரிட்சை லீவில், அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து வைத்துக்கொண்டு அதைச் செய்துகொள்ளப் போகிறேன்.